அதே ஜீப்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் கார் கிட்டுகளை உப்பளம் கடைத்தெருவில் விற்றுவந்த ரிச்சர்டுக்கு, பழைய வாடிக்கையாளன் அருள்முருகன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வாராவாரம் வந்து ஒரே ஜீப் கிட்டைத்தான் வாங்கினான். பசை வாங்கினான், பெயிண்ட் மட்டும் வாங்கவில்லை.

"புதுக் கலருங்க வந்திருக்கு. பாக்கலியா?"

"வேணாம் ரிச்சர்ட். அதே ஜீப் இன்னொண்ணு குடு."

முன்பு ஒரு சிவப்புப் பெயிண்டுக்காகக் கடையையே புரட்டிப்போட்டவன் பேசுகிற பேச்சா இது? எங்கோ கடை போட்டுத் தன் சரக்கையே விலையேற்றி விற்கிறான் என்று ரிச்சர்ட் முடிவு கட்டினான்.

"ஸ்டாக் இல்ல."

அருள்முருகன் முகம் வாடியது. "சீக்கிரம் வரவழைப்பா. எனக்கு நாள் கம்மியா இருக்கு."

தீபாவளி வியாபாரத்துக்குத்தான் இந்த அவசரம் என்று ரிச்சர்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும், கையும் களவுமாகப் பிடிக்க மூலக்குளத்தில் இருந்த அவன் வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்தது அருள்முருகனின் மனைவி பூர்ணிமா. உள்ளே அலமாரி நிறைய அதே ஜீப்புகள். ஒன்றுக்குச் சக்கரம் கோணல், ஒன்றுக்குக் கதவு தலைகீழ். போகப் போகத்தான் உருப்படியாக இருந்தன. ஜன்னலோரம் அருள்முருகன் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, பழைய ஜீப் ஒன்றை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

பூர்ணிமா குரலைத் தாழ்த்தினாள். "பொங்கலுக்குள்ள பார்வை முழுசா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணா. அதுக்குள்ள கையால ஒட்டப் பழகணும்னு இப்படிக் கட்டிக்கினு உக்காந்துக்குறாரு. ஒரே வண்டியா செஞ்சாதான் கைக்குப் படியுமாம்."

"யாரு வந்திருக்கா?" என்றான் அருள்முருகன், துண்டை அவிழ்க்காமலே.

"நான்தான், ரிச்சர்ட். உன் ஜீப் ஸ்டாக் வந்துடுச்சுன்னு சொல்ல வந்தேன்."