வீட்டில் மட்டும்

"இத்தனை மாசமா என்னத்தைத்தான் சொல்லிக் கொடுத்தீங்க? வீட்டுல வாயைத் திறந்தா இன்னும் திக்கல்தான்!"

திக்கிப் பேசும் சின்னப்பெண்ணின் அம்மா போட்ட சத்தத்தில் தலைமையாசிரியை எழுந்து போய் அறைக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று.

பேச்சுப் பயிற்சி டீச்சருக்குச் சுருக்கென்றது. சேர்ந்த புதிதில் என்றால் ஸாரி சொல்லித் தலையைக் குனிந்திருப்பாள். தனக்கு இந்த வேலை வருமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்த நாட்கள் அவை. பந்தும் கிழிந்த வலையும் அடைந்து கிடந்த விளையாட்டுச் சாமான் அறையைக் காட்டி, இதுதான் உங்க கிளாஸ் என்றபோதும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டவள்தான். ஆனால் அதே அறையில்தான் இந்தச் சின்னப்பெண் இப்போது கடகடவென்று பேசுகிறாள். அதையும் இல்லை என்றால் எப்படி?

"என்கிட்ட நல்லாத்தானே பேசறா!"

"அப்போ நான் பொய் சொல்றேனா?" அம்மா எகிறினாள். "எங்க குடும்பத்துல யாருக்குமே இது கிடையாது. முதல் நாள் நீங்க கேட்டப்பவே சொன்னேன்ல?"

"இப்படியே புகார் வந்தா, இந்தப் போஸ்ட்டே வேணாம்னு எழுதிடுவேன்" என்றார் தலைமையாசிரியை, தன் பங்குக்கு.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட எரிச்சல், கதவோரம் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. பெற்ற பெண்ணைப் பற்றித்தானே பேச்சு? மனுஷன் போனையே தடவிக்கொண்டிருக்கிறார்!

"சார், நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்! வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

அவர் இன்னும் குனிந்துகொண்டார். "அவருக்குக் கூச்ச சுபாவம், விடுங்க" என்று அம்மா அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

"சரி, பொண்ணைக் கூப்பிடுங்க. உங்க எல்லார் முன்னாடியும் பேசட்டும். திக்கினா நானே வேலையை விட்டுப் போயிடறேன்!"

கோபத்தில் வாய் முந்திக்கொண்டுவிட்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

சின்னப்பெண் வந்து நின்றாள்.

"இன்னைக்கு விளையாட்டு பீரியட்ல என்னடா நடந்துச்சு?"

"நான்தான் மிஸ் ஜெயிச்சேன்! எதிர் டீம் அழுகுணி ஆட்டம் ஆடினாங்க. நான் விடுவேனா? பி.டி. சார்கிட்ட போய் சொல்லி, மறுபடி முதல்லேருந்து ஆட வெச்சேன்!"

ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை. தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா வாயைப் பிளந்தாள்.

"அடிப்பாவி! அப்போ வீட்டுல ஏண்டி திக்கறே? எல்லாம் நடிப்பா?"

சின்னப்பெண் நகர்ந்து போய் அப்பாவின் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டாள்.

"நானும் சரியாப் பேசிட்டா, வீட்டுல அப்பா மட்டும்தானேம்மா திக்குவாரு?"

போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அப்பா மெல்ல எழுந்து வந்தார்.

"டீ... டீச்சர், உங்க அ... அறையில எ... எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா?"