மஞ்சள் பூசிய முளை

நமுனுகுல மலையின் காலை வெயில், பனியை மெல்ல விலக்கிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சுரக்கும் ஊற்றின்மீது இறங்குகிறது. மூங்கில் பீலி வழியே விழும் நீர் பித்தளைக் குடத்துக்குள் கணீரென்று பாடுகிறது. நீர்வழங்கல் அதிகாரி கனகசூரியர், போன வாரம் தாம் அறைவித்த அளவுமுளையின் முன்னே நிற்கிறார். இந்த இடத்தில்தான் ஊற்றை மறித்து, குழாய் வழியே பசறைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அதனால் லயத்தாருக்குத் தண்ணீர்க் குறை வருமா என்று ஆராய்வதே அவர் பணி. வராது என்று, இவர்களுள் ஒருவரையும் கேளாமலே, மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். அந்த முளையோ இன்று மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, தலையில் ஒரு செவ்வந்திப் பூச் சூடி நிற்கிறது. “லயத்துக்குக் குழா வருதில்லீங்களா, அதான் சாமியா நெனச்சுக் கும்பிட்டுட்டோம்,” என்கிறாள், கொழுந்துக்கூடையை முதுகில் சுமந்த பேச்சாயி. “குழா வந்தா இவ குளிச்சிக்கிட்டே கெடப்பா, காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு வரமாட்டா!” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, பெண்களின் சிரிப்பு தேயிலைச் சரிவில் உருண்டோடுகிறது. தேவாரம் ஓதாமல் பச்சைத் தண்ணீரும் பருகாத கனகசூரியர், தம்மையறியாமலே சப்பாத்தைக் கழற்றுகிறார். ஈரமண்ணின் குளிர் உள்ளங்காலில் ஏறுகிறது. பேச்சாயி சூடத்தட்டை அவரிடம் நீட்டுகிறாள். “மழைக்கு முந்தி தண்ணி வந்துருங்களா ஐயா?” சுடர்மேல் காட்டிய கைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, “ஓம் பிள்ளை, தண்ணி வரும்,” என்கிறார் அவர். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. கண்களில் ஒற்றிய கைகளை எடுக்கவும் இல்லை.