ஷெட்டுக்குப் பின்னால் இன்னொரு வான்கோழி

"ஏங்க, இங்க வந்து பாருங்க. பக்கத்து வீட்டு மெக்கானிக் ரெண்டு வான்கோழி போட்டிருக்காரு."

மருந்துக்கடை அக்கா சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. கணவர் பேப்பரை மடித்தபடி வந்து எட்டிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு முற்றத்தில், பழைய எண்ணெய் டிரம்மை வெட்டிச் செய்த புகை அடுப்பு. அதன் அருகில் நாற்காலி போட்டு மெக்கானிக்கின் அப்பா உட்கார்ந்திருந்தார். அந்த அடுப்பு தெருவுக்கே தெரியும். ஆனால் ஷெட்டுக்குப் பின்னால், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், அதே மாதிரி இன்னொன்று புகைந்துகொண்டிருந்தது.

"சாப்பிடக் கூப்பிட்டது நம்ம ரெண்டு பேரைத்தானே? எதுக்கு ரெண்டு?"

"முன்னால இருக்கிறது விருந்தாளிக்கு. பின்னால இருக்கிறது வீட்டுக்கு" என்றார் கணவர். "வேற என்ன?"

"சும்மா இருங்க. வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க."

பேசாதே என்று சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் மனசு குறுகுறுத்தது. போன மாதம் அவளும் வீட்டில் ஒரு வான்கோழியைப் புகையில் போட்டுப் பார்த்திருந்தாள். மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். பக்குவத்தைக் கேட்ட மாதிரியும் இருக்கும், பின்பக்கத்தைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று முன்கூட்டியே கிளம்பிவிட்டாள்.

மெக்கானிக் எதையும் மறைக்கவில்லை.

"ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்லைக்கா. முந்தின நாளே உப்புத் தண்ணியில முழுகப் போட்டுடணும். கூடக் கொஞ்சம் சர்க்கரை, நசுக்கின பூண்டு, மிளகு. அப்புறம் எடுத்துத் துடைச்சு, ஈரம் போக ஃப்ரிட்ஜ்ல மூடாம வைக்கணும்."

"ஈரம் போகணுமா? ஈரமா இருக்கணும்னுதானே இவ்வளவு பாடு?"

"தோல்ல போகணும், கறிக்குள்ள இருக்கணும். தோலுக்கும் கறிக்கும் நடுவுல விரலை விட்டு வெண்ணெய் தடவிடுங்க. அடுப்புக்குள்ள ஒரு தட்டுல தண்ணி வைங்க. தீ அடக்கமா எரியணும். வெந்ததும் உடனே கத்தியைத் தூக்கிட்டு ஓடக் கூடாது. சாறு உள்ள அடங்கட்டும்னு கொஞ்சம் விடணும்."

"அவ்வளவுதானா?"

"முக்கியமானது ஒண்ணு இருக்கு. மூடியைச் சும்மாச் சும்மா திறக்கக் கூடாது. திறக்கத் திறக்கச் சூடு இறங்கிடும். வேக நேரமாகும், கறி காய்ஞ்சுடும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து மூடியை அகலத் திறந்தார். குப்பென்று புகை கிளம்பியது. உள்ளே பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மூடினார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து திறந்தார்.

"தம்பி, ஐயா திறக்கிறாரே?"

"அது அவரோட அடுப்புக்கா. நாங்க தலையிடறதில்லை."

"அப்ப பின்னால புகையுதே, அது?"

"அது சும்மா... இன்னொண்ணு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் ஷெட்டுப் பக்கம் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கணவர் வந்ததும், அக்கா வாசலிலேயே அவர் காதைக் கடித்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் போல. முன்னால இருக்கிறதுல ஒரு சொட்டு ஈரம் மிஞ்சியிருக்காது. பக்கத்துல தண்ணியை வச்சுக்கிட்டே சாப்பிடுங்க."

பெரியவர் தன் வான்கோழியை இறக்கினார். சாறு அடங்கியதும் மகன் அதை உள்ளே கொண்டுபோய் வெட்டி, பெரிய தட்டில் அடுக்கி எடுத்து வந்தார்.

"அப்பா கைப்பக்குவம். சாப்பிடுங்க."

அக்கா பயந்துகொண்டே ஒரு துண்டை வாயில் வைத்தாள். வெண்ணெய் மாதிரி இருந்தது. புகை மணம் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. கணவர் கேட்காமலே இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டார்.

"ஐயா, இப்படி ஒரு வான்கோழியை நான் சாப்பிட்டதே இல்லை."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கப்பல் சமையலறையில நின்ன கை இது. ஒரே ஒரு வித்தைதான். மூடியைத் திறக்கவே கூடாது. நான் இன்னைக்குத் தொடக்கூட இல்லை."

அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கண்ணால் பார்த்தாளே, எத்தனை தடவை திறந்தார். அப்படியிருக்க இது எப்படி?

மெக்கானிக்கும் அவர் மனைவியும் பந்தியில் உட்காரவில்லை. 'நாங்க அப்புறம் சாப்பிடறோம்' என்று உள்ளே போயிருந்தார்கள். காலித் தட்டை எடுத்துக்கொண்டு அக்கா சமையலறைக்குப் போனாள்.

இருவரும் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நார்நாராகப் பிரிந்த, வெளுத்துக் காய்ந்த கறி. ஒரு வாய் கறி, ஒரு மடக்குத் தண்ணீர். அக்காவைப் பார்த்ததும் மனைவி தட்டை மறைக்கப் பார்த்தாள்.

"ஐயா செஞ்சது இதுவா?"

மெக்கானிக் தலையாட்டினார். "திறந்தது அவருக்கு உடனே மறந்துடுதுக்கா. ஒரு தடவை 'திறக்காதீங்கப்பா'ன்னு சொல்லிட்டேன். அப்புறம் அடுப்புப் பக்கமே வரலை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துட்டாரு. அதான் பின்னால இன்னொண்ணு போட்டு, விருந்தாளிக்கு அதை வெட்டி வைக்கிறேன்."

"அதுதான் நல்லாயிருக்கே, மிச்சமும் இருக்கு. இதை ஏன் நீங்க கஷ்டப்பட்டுச் சாப்பிடறீங்க?"

வாயில் இருந்ததைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு மெக்கானிக் சொன்னார்.

"படுக்கப் போறதுக்கு முன்னாடி, 'நான் செஞ்சதைச் சாப்பிட்டியாடா?'ன்னு கேப்பாருக்கா. உங்ககிட்டதான் பொய் சொல்லிட்டேன். அவர்கிட்டயாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா?"