வாசலில் கிடந்த சேஃப்டி ஷூ

அபுதாபியில் ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சேஃப்டி ஷூதான். மாறிவிடாமல் இருக்க அவரவர் வெள்ளைப் பெயிண்டில் பெயரை எழுதி, ரூம் வாசலில் கழற்றிப் போடுவார்கள். அழகுமலையும் அப்படிப் போட்டுவிட்டுத்தான், மலிவு டிக்கெட்டில் தென்கொரியாவின் புசானுக்கு வந்திருந்தான். டியூட்டி நினைப்பே இல்லாமல் ஒரு வாரம் ஊர் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

டாக்சிக்குக் கட்டுப்படியாகவில்லை. காலையிலேயே மழையில் மேட்டுத் தெருக்களை நடந்து தீர்த்து, எரிச்சலோடு விடுதிக்குத் திரும்பினான். வாசலில் செருப்பு ஸ்டாண்டில் அவனுடைய சேஃப்டி ஷூ இருந்தது. பெயர் அவன் எழுதியதுதான். உள்ளே கைவிட்டான். இப்போதுதான் கழற்றியதுபோல் சூடாக இருந்தது.

"இங்கயும் விடமாட்டியா சனியனே" என்று முனகிக்கொண்டு, கேம்ப்பில் உடன் தங்கியிருக்கும் விஜயபாஸ்கருக்குப் போன் போட்டான்.

"மாப்ள, என் ஷூவ எவன்டா இங்க அனுப்புனது?"

"எங்க அனுப்புனது? நைட் டியூட்டி முடிஞ்சு இப்பத்தான வந்த. குளிக்கப் போனவன் பாத்ரூம்லருந்து போன் பண்றியாக்கும்?"

"நான் லீவுல இருக்கேன்டா."

"உன் லீவுதான் போன வாரமே கேன்சலாச்சே. இன்னும் அதையே பேசிக்கிட்டு இருக்க."

போனில் பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"யார்ரா போன்ல?" என்றது அழகுமலையின் குரல்.