பூங்காவுக்கு லைட் வேண்டாம்

"பார்க்கு வேணாம்னு நான் சொல்லல. லைட்டுதான் வேணாங்கிறேன்" என்றாள் அக்கம்மாள்.

பஞ்சாயத்து ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் அத்தனை பேரும் கிளாஸைக் கீழே வைத்தார்கள். லைட் வேண்டாம் என்றதற்காக அல்ல, அக்கம்மாள் பேசியதற்காக. பெண் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னதால் சேர்த்துக்கொள்ளப்பட்ட உறுப்பினர் அவள். இத்தனை வருடமும் சுவரோரம் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, டீயைக்கூடத் தொடாமல் எழுந்து போனவள்.

தலைவர் சுருளிக்கு வியர்த்தது. எதிரே யூனியன் ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரி சண்முகராஜ். சிறுவர் பூங்கா அமைக்க சர்க்கார் மானியம். ஓடைக்கரையில் சும்மா கிடக்கும் சீமைக்கருவேலங்காட்டை வெட்டிச் சமப்படுத்தி, ஊஞ்சல், சறுக்கு, மூலைக்கு ஒரு டியூப் லைட். இன்றைக்கு எல்லாரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுக் கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் மானியம் பக்கத்து ஊருக்கு.

பக்கத்து ஊர்த் தலைவன் சுருளியின் மச்சினன். அவன் ரிப்பன் வெட்ட, சுருளி கைதட்ட வேண்டிவரும். அதைவிட ஓடையில் விழலாம் என்றால், ஓடையில் தண்ணீர் இல்லை.

"மதினி, கரண்டு பில்லு உங்க வீட்டுக்கா வரப்போகுது?" என்றார் சிரித்தாற்போல.

"பில்லுக்குச் சொல்லல கொழுந்தனாரே. அங்கன லைட்டு வேணாம், அந்த முள்ளையும் வெட்ட வேணாம். பார்க்கு மந்தையில இருக்கட்டும்."

"மந்தையில வச்சா திருவிழா நாடகத்த எங்கன போடுறது?" என்று பாய்ந்தார் உறுப்பினர் வீரணன். நாடகம் வருடத்துக்கு ஒரு ராத்திரி. மற்ற நாளெல்லாம் மந்தையில் வீரணனின் மாடுகள்தான் நடித்துக்கொண்டிருந்தன.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்கம்மா. சுத்தியும் வயலு, இல்லாட்டி திராட்சைத் தோட்டம். எல்லாத்துக்கும் வேலி. சும்மா கிடக்கிறது அந்த ஒரு இடந்தான். நானே நேர்ல போய்ப் பார்த்தேன். பதினோரு மணி இருக்கும். ஒரு ஈ காக்கா இல்ல. உள்ளே ரெண்டு மூணு ஒத்தையடிப் பாதை போகுது, அவ்வளவுதான். ஆடு போற பாதையாயிருக்கும்."

அக்கம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அறையிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் அந்த வாயையே பார்த்தார்கள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"காரணத்தச் சொன்னாத்தான தெரியும்? பாம்பு பயமா?" என்றார் சுருளி.

"பாம்பு கிடக்கு. அது பாட்டுக்குப் போகும்."

"பேயி கீயி?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப சாராய ஊறல்தான்" என்றார் வீரணன். "முள்ளுக்குள்ள பானையப் பொதச்சு வச்சிருக்காக போல. லைட்டுப் போட்டா குட்டு வெளிப்பட்டுரும்ல?"

கூரை அதிரச் சிரித்தார்கள். அக்கம்மாள் சிரிக்கவில்லை.

"மதினி, லைட்டு இருந்தா பொழுது சாஞ்ச பெறகும் பிள்ளைக அங்கன விளையாடும். நாலு பெரியாளுக காத்தாட உக்காந்து பேசிக்கிட்டிருப்போம். நல்லதுதான?"

"அதுக்குத்தான் வேணாங்கிறேன்."

இதற்கு மேல் என்ன பேசுவது? டீக்கடையிலிருந்து அவள் புருஷன் சின்னக்கருப்பை வரவழைத்தார்கள். அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பேனாவை வாங்கி, அக்கம்மாள் பெயரை அக்கம்மாளைவிட அழகாக எழுதிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அதிகாரி கூரையில் ஒரு பல்லியைக் கவனிக்க வேண்டியிருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வாசலைத் தாண்டும்போது அக்கம்மாள் நின்றாள். "உங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம் கொழுந்தனாரே" என்றாள். போய்விட்டாள்.

சாயங்காலம் வட்டிலில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்த மனைவி கஸ்தூரியம்மாளிடம் சுருளி ஒன்று விடாமல் சொல்லிச் சிரித்தார்.

"உன் தம்பி மூஞ்சியில கரியப் பூசிட்டோம்ல! இந்த அக்கம்மா மதினிதான் கெடுக்கப் பாத்துச்சு. ஏத்தா, ஊரு உலகத்துல எல்லாரும் வெளிச்சத்தக் கேப்பாக. இருட்டக் கேட்டு எவளாச்சும் மல்லுக்கு நிப்பாளா?"

கஸ்தூரி சிரிக்கவில்லை. "கையெழுத்தெல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சு. விடிஞ்சதும் முள்ளு வெட்ட ஆளு எறங்குது."

அவள் குழம்பை ஊற்றினாள். ரசத்தையும் அவர் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"மதினி தானா வந்து பேசல. நாங்கதான் பேசச் சொல்லி அனுப்புனோம்."

"நாங்கன்னா?"

"ஊருப் பொம்பளைக எல்லாரும். வீரணன் அண்ணன் வீட்டு மதினியுந்தான்."

சுருளியின் கை வட்டிலிலேயே நின்றது. "எதுக்குடி?"

தெருவில் யாரோ பெண்கள் மெதுவாகப் பேசிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும் சத்தம் கேட்டது. கஸ்தூரி வெளியே எட்டிப் பார்த்தாள். நன்றாக இருட்டிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மூலையிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டாள்.

"ஆபீசர் பகல்ல பதினோரு மணிக்கு வந்து பாத்தா அங்கன எவ இருப்பா?" என்றாள். "வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து, விடியுமுன்னயும் இருட்டுன பெறகும் இந்தச் சொம்பத் தூக்கிக்கிட்டு நான் எங்கன போறேன்னு நீங்க கேட்டதே இல்ல. நாளையிலருந்து எங்கன போறதுன்னாவது சொல்லிருங்க."