ஐஸ் உருகும் வரை

"ஐஸ் உருகுற வரைக்கும் நல்லா யோசி! அதுக்கப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா வாங்கு!" என்று மனைவியின் காதருகே கத்தினார் நிதியமைச்சர்.

நிதியமைச்சர் என்பது சொந்தக்காரர்கள் வைத்த பட்டம். உத்தியோகம் என்னவோ குமாஸ்தாதான். கிரெடிட் கார்டைத் தண்ணீர் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் உறைய வைப்பது அவருடைய கண்டுபிடிப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் அதைச் சொல்லாமல் காபி டம்ளரைக் கீழே வைக்க மாட்டார்.

அந்த டப்பா இப்போது சமையல் மேடையில் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக அவள் கேட்பது ஒரே ஒரு காது மெஷின். இதற்கு முன் மூன்று முறை டப்பாவை வெளியே எடுத்தாள். மூன்று முறையும் அவர் செய்த பிரசங்கத்தில் கூசிப்போய், பாதி உருகியதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

"பெரிய செலவு திடீர்னு வராதும்மா! நாமதான் திடீர்னு முழிச்சுக்கிறோம்! மாசாமாசம் எடுத்து வைக்கணும்!"

செல்போன் அடித்தது. கார்டு கம்பெனி. அவர் நகரவில்லை. குரலை மட்டும் இறக்கினார். கத்தினால்தானே அவளுக்குக் கேட்கும்?

"தெரியும் சார், லிமிட் முடிஞ்சிருச்சு. கேமரா, வாட்ச், உடற்பயிற்சி சைக்கிள்... எல்லாம் நான் வாங்கினதுதான். நம்பர் மனப்பாடம் சார், கார்டு எதுக்கு? இந்த மாசமும் மினிமம் மட்டும் கட்டிடறேன். வீட்டுக்கெல்லாம் ஆள் அனுப்பாதீங்க, வாங்கினதெல்லாம் ஆபீஸ்ல குடுத்த பரிசுன்னு சொல்லி வெச்சிருக்கேன்... என் பொண்டாட்டிகிட்ட பேசுவீங்களா? பேசுங்க. அவளுக்குக் காது கேக்காது. அதுவும் ஒரு வகையில நல்லதுக்குத்தான்."

போனை வைத்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பினார்.

ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. அவள் கார்டை எடுத்து, ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடையில் நீட்டினால் மானம் கப்பலேறும்.

"பாவி நான்," என்றார் முணுமுணுப்பாக. "முதல் தடவையே உருக விட்டிருக்கணும். அப்போ கார்டுல ஏதோ மிச்சம் இருந்துச்சு."

பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினார். "இந்த மாசம் வேணாம்மா! அடுத்த மாசம்..."

"கத்தாதீங்க," என்றாள். "நீங்களா ஒரு வார்த்தை சொல்லிடுவீங்கன்னுதான் இன்னிக்கு டப்பாவை எடுத்தேன்."

காதோர முடியை ஒதுக்கினாள். உள்ளே சின்னதாக ஒரு மெஷின்.

"தம்பி வாங்கிக் குடுத்து ஒரு மாசம் ஆச்சு. மாட்டின அன்னிக்கே உங்ககிட்ட காட்டணும்னு ஓடி வந்தேன். நீங்க இதே மாதிரி போன்ல பேசிட்டிருந்தீங்க."