உறையில் எழுதிய சத்து

எடை அறையில் இருந்தவர்கள்: உணவு அதிகாரி பிரதாபன், செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறிய சகாயமேரி, அவளுக்குப் பின்னால் வரிசையில் தில்ஷாத்தும் மற்றப் பெண்களும். சுவரோரம் கூரை வரை எனர்ஜி பார் பெட்டிகள், மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய்.

ஒரகடத்துக் கிடங்கில் வேலை செய்யும் பெண்களின் விடுதியில் அடுப்பை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று வேளையும் பார்தான். உறையில் போட்டிருக்கும் சத்தின்படி அதைத் தின்கிறவர் இளைக்கவே முடியாது. இளைத்தால் வெளியே விற்கிறார் என்று அர்த்தம். திருட்டு வழக்கு போட்டு வேலையை விட்டுத் துரத்துவார்கள்.

சகாயமேரி ஆறு கிலோ இளைத்திருந்தாள்.

"யாருக்கும்மா வித்தே?" என்றான் பிரதாபன்.

"அத்தனையும் நான்தான் சார் தின்னேன். மரத்தூள் மாதிரி இருந்தும் தின்னேன்."

"ஒரு பார்ல இருபது கிராம் புரோட்டீன். உறை பொய் சொல்லுமா?"

"அப்ப என் உடம்பு பொய் சொல்லுதா?"

"உறையில அரசாங்க முத்திரை இருக்கு. உன் உடம்புல இருக்கா?"

அவன் மேசையில் டிபன் கேரியர் திறந்திருந்தது. வஞ்சிர மீன் வறுவல் மணத்தது.

"தராசு கோளாறா இருக்கும் சார். நீங்க ஏறிப் பாருங்க."

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். எழுபத்தெட்டு கிலோ காட்டியது.

"தில்ஷாத், ஞாபகம் வச்சுக்கடி," என்றாள் சகாயமேரி. கேரியரையும் அவன் போனையும் எடுத்துக்கொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

"ஏய், எங்கே போறீங்க?"

"குழாய்ல தண்ணி வருது. பெட்டி பெட்டியாச் சத்து இருக்கு. ஒரு மாசம் கழிச்சு எடை பார்ப்போம் சார்."

இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.